இரண்டரை மைக்ரோ

கோட்டையூரில் அந்த வீட்டுக்கு
இரண்டு மீட்டர், இரண்டு மெயின்.
முற்றத்தின் நடுவே ஹாலோ பிளாக்கில்
எட்டடிச் சுவர். இன்னும் பூசவில்லை.
அந்தப் பக்கம் சேவுகன், இந்தப் பக்கம் தேனப்பன்.
இருவருமே என்னைத்தான் கூப்பிடுவார்கள்,
“ஏ வயர்மேன்” என்று.
நான் பெண் என்பது
ஏணியில் ஏறும்போது மட்டும் நினைவுக்கு வரும் அவர்களுக்கு.

இன்றைக்குத் தேனப்பன் ஃபேன்.
உறுமுகிறது, சுற்றவில்லை.
ஒட்டடைக் கம்பால் ஒரு தள்ளு கொடுத்தால்
ஏதோ ஞாபகம் வந்ததுபோல் ஓடுகிறது.
மோட்டார் போச்சா என்கிறார்.
இல்லை, கண்டென்சர். எழுபது ரூபாய்.

பள்ளிக்கூடத்தில் மின்தேக்கி என்றார்கள்.
தேக்கு என்றதும் நாங்கள் நினைத்தது
பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தூண்களை.
பிரித்துப் பார்த்தால் மரமில்லை.
இரண்டு உலோகத் தாள், நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள்,
பாய்போலச் சுருட்டியது.
ஒன்றையொன்று தொடாது.
இங்கே எவ்வளவு கூடுகிறதோ
அங்கே அவ்வளவு குறையும். பைசா பிசகாது.
நடுத்தாள் மெலிய மெலிய
பிடித்துவைப்பது அதிகமாகும்.

பேட்டரியில் கொடுத்தால் முதலில் பாய்ச்சல்,
அப்புறம் தயக்கம்,
அப்புறம் வாசலோடு நின்றுவிடும்.
வீட்டுக் கரண்டு வேறு:
நொடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புவது.
அதுவும் தாளைத் தாண்டாது.
ஆனால் இரு பக்கமும் நிரம்பி வடிந்து நிரம்பி வடிந்து
வெளியே நிற்பவருக்குத்
தாண்டிவிட்டதுபோலவே இருக்கும்.

புதுசைச் சோதிக்க வேண்டும்.
இந்தப் பக்க மெயினை இறக்கியாகிவிட்டது.
தெருவைச் சுற்றிப் போய்
சேவுகன் வீட்டு பிளக்கில்
இரண்டு வயரையும் ஒரு கணம் சொருகிப் பிடுங்கினேன்.
“அவன் ஃபேனா?” என்றார், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.
ம் என்றேன்.

பிடுங்கிய கணம் எதுவோ
அந்தக் கணத்தின் அளவுதான் உள்ளே.
சில சமயம் ஒன்றுமே இருக்காது.
வயர் முனைகள் முட்டாமல் விரித்துப் பிடித்து,
நிறைகுடம் சுமப்பவளாகத்
தெருவைச் சுற்றித் திரும்பி வந்தேன்.

தேனப்பன் முன்னால் முனைகளை முட்டவைத்தேன்.
பட்டென்று ஒரு நீலப் பொறி.
“நல்ல சரக்கு” என்றார்.
எந்த மீட்டர் கரண்டு என்று நான் சொல்லவில்லை.
எந்த மீட்டரும் அதை எண்ணியிருக்காது.

மாட்டி, மெயினை ஏற்றினேன்.
தள்ளாமலே கிளம்பியது ஃபேன்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து,
“ஓடுதா?”

தேனப்பன் சுவரைப் பார்த்தார்.
ஃபேனைப் பார்த்தார்.
“ஓடுதுன்னு சொல்லு” என்றார் என்னிடம்,
என்னிடம் சொல்லத் தேவையான சத்தத்தைவிட
கொஞ்சம் கூடுதலாக.