பச்சை விரிப்புகளின் கணக்கு

மணிக்கூலிக்கு மொழிபெயர்க்கிறேன்.
கூட்டாதே, குறைக்காதே என்பது விதி.
முதல் கேள்வியிலேயே நான் குறைத்தேன்.

"எத்தனை பேருக்குச் செய்திருக்கிறியள், உங்கட கையால?"
கேட்டவள் திலகேஸ்வரி.
மடியில் கைப்பை, அதற்குள் கணவனின் இதயப் படங்கள்.
நான் ஜெர்மனில்,
"அம்மாவுக்குக் கொஞ்சம் பயம், டொக்டர்,
தைரியம் சொல்லுங்கள்" என்றேன்.

முழங்கையைத் தொட்டாள்.
"பிள்ளை, நான் கேட்டது அதில்லை.
'எத்தனை'க்கு அவங்கட சொல் எனக்குத் தெரியும்."

பதினேழு வருடமாய்
இதே ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில்
சலவை மடிக்கிறவள்.
முழங்கால் துணி திங்களும் புதனும் குவியும்.
பிரசவத் துணிக்கு நாள் கிழமை கிடையாது.
நெஞ்சைத் திறந்த நாளின் பெரிய பச்சை விரிப்பு
மாதத்தில் ஒன்றோ இரண்டோ,
ஓகஸ்டில் அதுவும் இல்லை.

டொக்டர் ஏஷ்லிமன் கண்ணாடியைக் கழற்றினார்.
வெளியே ஆரெ ஆறு மலைப்பனி கரைந்து பெருகி
படித்துறையில் இரண்டு படிகளை விழுங்கியிருந்தது.
இம்முறை சொல்லுக்குச் சொல் கேட்டேன்.

"போன வருடம் ஆறு.
இந்த வால்வைத் தைத்துக் காப்பாற்ற
முயன்றது ஆறு முறை.
நாலு தைத்தேன்.
இரண்டைக் கழற்றி எறிந்து
செயற்கை வால்வு வைக்க வேண்டி வந்தது.
ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் ஒருத்தி இருக்கிறாள்.
ஆறு என்பது அவளுக்குப் பத்து நாள்."

பிறகு, யாரும் கேளாமலே:
"என் கை நடுங்காது.
ஆனால் கை மட்டும் போதாது.
இரவு மூன்று மணிக்கு
வடிகுழாயில் சிவப்பு ஏறுவதை
மானிட்டர் கத்துவதற்கு முன்பே
கண்டுகொள்கிற தாதி வேண்டும்.
அவளுக்கும் எண்ணிக்கை வேண்டும்."

சிவபாதம் அதுவரை வாய் திறக்கவில்லை.
பஸ் டிப்போவில் இரவுத் துப்புரவு;
மூச்சு வாங்கினால்
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்பவர்.
"அப்ப இவர் எப்பதான் நூறைத் தொடுறது," என்றார்,
"ஒருத்தரும் ஏழாவதாக வர மாட்டினம் எண்டால்?"

அதையும் மொழிபெயர்த்தேன்.
டொக்டர் சிரிக்கத் தொடங்கினார், முடிக்கவில்லை.
திலகேஸ்வரி புருஷனைப் பார்க்காமல் சொன்னாள்:
"நீங்கள் ஏழு இல்லை. எனக்கு ஒண்டு."
இதை நான் ஜெர்மனுக்குக் கொண்டுபோகவில்லை.
இரண்டாவது முறை விதியை மீறினேன்.

கடிதத்தை அவரே எழுதினார்,
அந்தப் பெண்ணின் பெயரை எழுத்தெழுத்தாய்.
கொடுக்கும்போது உறையின் மேல்
அவர் விரல்கள் சற்றுத் தங்கின.

தாளில் ஐம்பது நிமிடம் என்று குறித்தேன்.
ஒரு மணி ஷிஃப்ட். திலகேஸ்வரி
லிஃப்டில் கீழே போனாள்.

என்னை அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இதயத்துக்கு இது எனக்கு இரண்டாவது தடவை, அக்கா.
வால்வுக்கு அடைப்பிதழ் என்றொரு தமிழ் இருப்பதைக்
காலை ரயிலில்தான் தேடிப் பார்த்தேன்,
நாலு தரம் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.
நீங்கள் எல்லோரும்
கடைசிவரை வால்வு என்றே சொன்னீர்கள்.