நடு இடம்

பெலியப்பா நாற்காலியை ஓரமாகத் தள்ளினார்.
"இதுக்கு நடு இடம்னு ஒண்ணு கிடையாது சார்,
நடந்துகிட்டே கேளுங்க."

இடுப்பளவில் இரண்டு தூண்கள்.
முகமில்லை, முதுகுமில்லை.
ஆம்ப்ளிஃபயர் சூடாக இருபது நிமிடம்,
அதுவரை காபி.

என் இடது காது
ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கியில் போனது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

மிருதங்கம்.
ஜன்னலோரம் போனேன், தொப்பியின் கும்கி கூடவே வந்தது.
செருப்பு விட்ட மூலையிலும்
வலந்தலையில் விரல் பிரிவது தெரிந்தது.
சுற்றிச் சுற்றி வந்தேன்.
வாசிக்கிறவர் ஒருமுறைகூட
எனக்கு முதுகு காட்டவில்லை.

பெலியப்பா விலை சொன்னார்.
அது நன்றாகவே கேட்டது.

வெளியே சவுத் எண்ட் சர்க்கிள், தூறல்.
இடப்பக்கமிருந்து ஒரு ஆட்டோ
உரசிப் போன பிறகுதான்
திரும்பிப் பார்த்தேன்.