இரண்டு முறை திரும்பிப் பார்ப்பவன்

பந்து தன்னிடம் வந்து சேருமுன்
இரண்டு முறை திரும்பிப் பார்ப்பான் இரிகராய்,
இடத்தோளுக்கு மேல் ஒருமுறை, வலத்தோளுக்கு மேல் ஒருமுறை.
சாலை கடக்கும் கோழி என்று சிரிப்பார்கள் கேலரியில்.
இடப்பக்கத் தடுப்பில் நின்ற எனக்குத் தெரியும்:
அதற்குள்
இருபத்தோரு பேரையும் எண்ணி முடித்திருப்பான்.

பதினான்கு ஆண்டுகளில் ஒன்பது கோல்.
அதில் ஒன்று எங்கள் வலையிலேயே.
ஃப்ரே பென்டோஸ் பத்திரிகையில் அவன் படம் வந்தது
அந்த ஒன்றுக்குத்தான்.
கோல் போட்டவனுக்குக் கொடுத்தவனுக்குக் கொடுத்தவனை
யார் எழுதுவார்கள்?

பாய்சாந்துவில் ஒரு மழை ஞாயிறு
பலகையை உயர்த்தினார்கள்: ஐந்து.
யார் அந்த ஐந்து என்பதுபோல் சுற்றிலும் தேடினான்.
பிறகு ஷின் கார்டைக் கழற்றிக்கொண்டே
மைதானத்தின் மிக நீளமான வழியில்
நடந்து போனான்.

பயிற்சியாளர் வேலை கிடைத்ததும்
நேரே என் டயர் கடைக்கு வந்தான்.
பழைய ட்யூப் இருபது வேண்டும்,
பையன்களை இரண்டிரண்டு பேராக இடுப்பில் கட்டி ஓடவிட.
காசு இன்னும் பாக்கி.

கோட்டுக்கு வெளியே நிற்க அவனுக்கு வரவே இல்லை.
தண்ணீர் பாட்டில்களை உதைத்தான்,
நான்காம் நடுவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.
"குரல் பந்து இல்லைடா,
போய்ச் சேருவதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறான்"
மாத்தே குழலைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஃபௌஸ்தினோ அவனுடைய ஐந்து.
மெதுவான கால், அழகான கழுத்து,
ஊர் முழுக்க இன்னொரு இரிகராய் என்றது.
தோற்றால் கீழ்ப்பிரிவு என்ற ஆட்டத்துக்கு முந்தைய இரவு
என் கடை மேசையில் பட்டியல் எழுதினான்.
அந்தப் பெயரை எழுதி, அழித்து, எழுதி, அழித்து,
தாளில் ஓட்டை விழுந்தது.
ஓட்டையைச் சுற்றி வேறொரு பெயரை எழுதினான்,
ஓடத் தெரிந்த ஒரு பையனை.

இரண்டுக்கு ஒன்று. பிழைத்தோம்.
பழைய இறைச்சி ஆலையின் புகைபோக்கி வரை கேட்டது கூச்சல்.
அவனைத் தோளில் தூக்கினார்கள்.
அங்கிருந்தும் திரும்பிப் பார்த்தான்,
இடம், வலம்,
எண்ணிக்கை சேரவில்லை போலிருக்கிறது,
மறுபடியும் இடம்.

ஃபௌஸ்தினோ வெளியே இருந்தான்.
மோட்டார்சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றில்லை.
பம்பு எடுத்துவந்து நான்தான் அடித்தேன்.
"ஏதாவது சொன்னாரா?" என்றான்,
தரையைப் பார்த்தபடி.

சொன்னான் என்றேன்.
என்ன என்று கேட்டான்.
நான் இன்னும் காற்றடித்துக்கொண்டிருந்தேன்,
டயர் கல்லாகியும்.