எவடம்

ஞாயிறு, பின்னேரம் நாலரை.
கோண்டாவில் ரியூசன் கொட்டில். வந்தோர் ஒன்பது பேர்.
வெள்ளைப் பலகையில் யாரோ அழிக்க மறந்த மோல் கணக்கு.
கூட்டக்குறிப்பு எழுதுவது நான்.
அதில் எழுதாமல் விட்டவற்றை
இங்கே எழுதுகிறேன்.

பெயருக்கே ஒன்றரை மணித்தியாலம் போனது.
முடக்கு என்றான் நிரூபன்.
ஒழுங்கை திரும்புகிற இடம்,
சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று கதைக்கிற இடம்.
நல்ல பெயர்தான்.
ஆனால் ஆளைத் தடுக்கிற பொத்தானிலும்
முடக்கு என்றுதானே போட்டிருக்கிறோம் என்றாள் றிஸ்வியா.
சிரித்து முடிக்க வடை ஆறிப்போனது.
கடைசியில் ஒழுங்கை என்றே வைத்தோம்.
இரண்டு வேலிக்கு நடுவில்
எவர் உறுதியிலும் எழுதாத மண்.

ஆளுக்கு இரண்டாயிரம்.
கனடாவிலிருந்து ஒருவர் முழுக்காசையும் தாறன் என்றார்,
முகப்பில் தகப்பனாரின் படம் போட்டால் போதுமாம்.
நன்றியுடன் மறுக்கப்பட்டது என்று குறிப்பில் இருக்கிறது.
மறுக்க முன்னர் ஒன்பது பேரும்
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தது இல்லை.

ஸ்ரான்லி வீதியில் வாங்கிய பழைய கணினி
அருள்தாசனின் சைக்கிள் கடைக்கு மேல் அறையில் சேர்வராகிறது.
பல்லி எச்சம் விழாமல் மேலே ஒரு சுளகு.
கடவுச்சொல்லை இரண்டாய் முறித்து
முன்பாதி றிஸ்வியாவிடம், பின்பாதி அருள்தாசனிடம்.
இருவரும் கோபித்துக்கொண்டால்
நாங்கள் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.
விதி ஏழு: ஒரு பதிவை அழிக்க மூன்று கை வேண்டும்.

பிறகு படிவம்.
பெயர். தொலைபேசி. அடுத்த பெட்டி: எவடம்?
எங்கே கரண்ட் இல்லை, எங்கே தண்ணி பவுசர் வருகிறது,
இடம் தெரிந்தால்தானே சொல்லலாம் என்றான் நிரூபன்.
நியாயம். அவன் எழுதிய நிரலில் வஞ்சகம் இல்லை.
சாந்தரூபி,
பொருளாளர், அதுவரை காசைத் தவிர ஒன்றும் கதைக்காதவள்,
அந்தப் பெட்டியை எடுங்கோ என்றாள்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காததிலேயே
எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.
ஊரைச் சொன்னால் கோயில் தெரியும்,
கோயிலைச் சொன்னால் எந்த வாசல்வரை என்று தெரியும்,
பிறகு தேத்தண்ணிக்கு
எந்தக் கோப்பையை எடுப்பதென்றும் தெரிந்துவிடும்.
றிஸ்வியா சொன்னாள்:
எனக்கும் அதுக்குள்ள என்ன எழுதிறதெண்டு தெரியாது.
பிறந்தது புத்தளம், வீடு சோனகத் தெரு,
இரண்டிலும் நான் மற்ற இடத்து ஆள்.

வாக்கெடுப்பு. எடுக்க எட்டு, வைக்க ஒன்று.
அந்த ஒன்று நான்.
என் ஊரை எழுத எனக்குப் பிடிக்கும்.
எழுதப் பிடிக்கிற ஊர் ஒன்று
சும்மா கிடைத்ததா என்று
அன்றைக்கு யோசிக்கவில்லை.

திறந்தது ஒரு சனிக்கிழமை, காலை பத்து முப்பத்தைந்து.
அருள்தாசன் வேதக்காரர்,
ஆனாலும் இராகுகாலம் கழியட்டும் என்றவர் அவர்தான்.
இரண்டு பாதியும் சேர்ந்தன. பச்சை விளக்கு.
மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு பேர்.
முதல் பதிவு, பஸ்ஸில் விட்ட ஹெல்மெட்.
இரண்டாவது, முழுப் பலாப்பழம், விலை பேசலாம்.
மூன்றாவது, படம் போடாத ஒருவர்:
வணக்கம். இதை நடத்திற ஆக்கள் எவடம்?

நான் கையைத் தூக்கினேன்.
பிந்தி வந்த கை, எனக்கே பாரமாய் இருந்தது.
றிஸ்வியாவும் தூக்கினாள்.
மூன்றாவதற்குச் சாந்தரூபியைப் பார்த்தோம்.
அவள் கை விசைப்பலகையில் இருந்தது.

சைக்கிள் கடைக்கு மேல.
ஏணி ஆடும், பாத்து ஏறுங்கோ.

அந்தப் பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருப்பதாக
மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன,
திரும்பத் துடித்தன.

கரண்ட் போய்விட்டது.