அரைக்கால் சுற்று

கொழும்பிலேயே ஊசியைச் சரிபார்த்துக்கொண்டு
இரவு மெயிலில் வந்து இறங்கினார் மிஸ்பாஹ்.
பந்தயத் திடல் ஓரம், தை மாதம், காலை ஏழரை.
புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் உறைபனி.
பெட்டிக்குள் கார்,
காருக்குள் வாத்து முட்டையளவு எஞ்சின்.

பிளக்குக்குச் சூடு கொடுத்துக் கயிற்றை இழுத்தார்.
இருமியது.
மறுபடி இருமியது.
பிறகு பிடித்துக்கொண்டது, ஆனால்
சளி கட்டிய குரல்.
பின்னால் நீலப் புகை, விளக்கெண்ணெய் வாசம்.
"காலிமுகத்திடலில் சிட்டாய்ப் பறந்திச்சே!"

பறந்திருக்கும்.
அங்கே காற்று தடிப்பு.
ஆறாயிரம் அடியில் காற்றே அரைவயிற்றுக்காரன்;
அவன் இலையில் முழுச் சோறு கொட்டினால்
விக்காமல் என்ன செய்வான்?

நான் ஸ்டோரில் டிரையருக்கு நிற்பவள்.
தூள் கருகப் போவதைத் தெர்மாமீட்டருக்கு முன்னே
மூக்கு சொல்லிவிடும்.
ஞாயிறு மட்டும் இந்த எஞ்சின்கள்.
எதுக்கு உனக்கு இது என்று லயத்தில் கேட்பார்கள்.
சத்தத்துக்கு என்பேன்.

எச்சில் தொட்ட விரலைச் சிலிண்டர் தலையில் வைத்தார்.
சுர்.
"சுடுது, இன்னும் திறக்கணும்."
இருங்க என்றேன்.
இங்கே தண்ணீர் தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடும்.
பருப்பு லேசில் வேகாத ஊர்.
சுர்ரை நம்பாதீர்கள்.
வெப்பத் துப்பாக்கியை நீட்டினேன்: தொண்ணூற்றாறு.

வலப்பக்கம் கால் சுற்று.
சளி குறைந்தது.
இன்னும் அரைக்கால்.
புகை மெலிந்து நூலாகித் தொங்க,
வளைவைக் கடந்து போன சத்தத்துக்கு
மேய்ந்துகொண்டிருந்த மட்டக்குதிரை
வாயில் புல்லோடு நிமிர்ந்தது.
நூற்றெட்டு.

"இன்னும் கொஞ்சம்?"
அவர் கேட்டதில் பிழையில்லை.
எனக்கும் போன வருடம் காது அதையே கேட்டது.
இன்னும் ஒரு மாகாணி,
இன்னும் ஒரு மாகாணி என்று
புகையே இல்லாமல் மூடினேன்.
ஐயோ, அப்படி ஒரு குரல்
அதுவரை அதன் வாயில் வந்ததே இல்லை.
ஒன்றரைச் சுற்று ஓடியது.
அப்புறம் திடலில்
ஆட்களின் பேச்சு மட்டும் கேட்டது.
பிளக்கின் கம்பி உருகி,
பிஸ்டன் முழுக்கப் பூனை பிறாண்டிய கோடு.
சீட்டு எடுத்த காசு.

ஆகவே முடியாது என்றேன்.
"புகை தெரியுதே?"
தெரியட்டும்.

பதினொன்றுக்கு வெயில் சுட்டபோது மட்டும்
நகத்தளவு திருகினேன்.
பெட்டி மூடியில் பேனையால் எழுதிக்கொண்டார்:
மலைக்கு, உள்ளே, காலே அரைக்கால்.

நானுஓயாவில் ரயில் நகர்ந்த பிறகுதான் நினைவு வந்தது.
கொழும்புக்குப் போனதும் திருப்பித் திறங்க என்று
பெட்டியோடு கூடவே ஓடினேன்.
புரிந்தது என்று ஜன்னலில் கையைத் திருகிக் காட்டினார்.
வலப்பக்கம்.
"இடம்! இடம்!" என்று கத்தினேன்.
அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா
மடியில் கிடந்த லீக்ஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு
எனக்காகச் சற்றுத்
தள்ளி உட்கார்ந்தார்.