பதினான்காம் அத்தியாயம்

நான்கு மாதமாகத் தனபாக்கியம்
வாசற்படியிலேயே நிற்கிறாள்.
அவள் புருஷனைக் கடலில் போட்டவன் நான்தான்,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்.
அழவைத்துப் பார்த்தேன். அடித்தேன்.
மழையைக் கொண்டுவந்தேன். அதையும் அடித்தேன்.
மின்வாரிய டைரியில்
மைக்கறைதான் மிச்சம்.

இன்று விடியலில், தூக்கம் கெட்டு,
முதுநகர்த் துறைமுகம் வரை சைக்கிள் மிதித்தேன்.
சிப்காட் பக்கத்துக் காற்றில் அழுகிய பலா வாசனை.
உப்பனாற்றில் டீசல் வட்டங்கள்.
ஏலம் முடிகிற நேரம்.
நெற்றியில் ஒன்றுமில்லாத ஒருத்தி,
பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்து,
வண்டிக்காரனிடம் கத்திக்கொண்டிருந்தாள்:
"நேத்து நூத்திருவது, இன்னிக்கு நூத்தம்பதா?
ஒன் ஐஸ் மட்டும் உருகாதா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.
மீதிச் சில்லறை வாங்காதது
செம்மண்டலம் தாண்டித்தான் உறைத்தது.

டைரியைத் திறந்தேன்.
படியை விட்டு இறங்கினாள் தனபாக்கியம்.
வீட்டைப் பூட்டவில்லை;
பூட்டச் சொல்லி எழுதப் போனேன்,
அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள்,
இடுப்பில் கூடை, வாயில் வெற்றிலை,
யாரையோ பார்த்துக் கேட்கிறாள்:
"கட்டி ஐஸா, ஒடச்சதா?"