நூற்றி முப்பத்தேழு

இடமில்லை என்று மூன்றாம் தரமும் சொன்னது பெட்டி.
நொத்தாரிசு வாகீசரின் உறுதிகள்
நாற்பது ஜிபியிலும் குந்தியிருந்தன.
மகனின் கிரிக்கெட் விளையாட்டை அழித்தேன்.
தங்கச்சியின் சாமத்தியவீட்டு வீடியோவை அழித்தேன்,
அவளுக்கு யாரும் சொல்லவேண்டாம்.
அழித்ததெல்லாம் ஒரு கிழமைக்குத்தான் கண்டது.

கஸ்தூரியார் வீதியில் சஜிந்தன்,
"உது பழைய மெஷின் அக்கா, புதுசொண்டு எடுங்கோவன்"
என்று புதுசின் விலையைச் சொன்னான்.
நான் இரண்டாவது டிஸ்க்கின் விலையைக் கேட்டேன்.
நூற்றி அறுபது ஜிபி, பாவித்தது,
ஒரு மாத வாறண்டி.
மரண அறிவித்தல் பக்கத்தில் சுற்றித் தந்தான்.

கொண்டாவிலில் ஞாயிறு மத்தியானம்.
காப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
வயர் எல்லாம் பிடுங்கி மூடியைத் திறந்தால்
தோட்டத்துச் செம்மண் அரைப்படி,
விசிறி மூலையில் இரண்டு பல்லிமுட்டைக் கோது.
பெயின்ற் பிரஷ்ஷால் தட்டினேன்,
தும்மினேன்.
பதினோரு வருசமாய் இதன் முகத்தோடு பழக்கம்,
குடலை இன்றுதான் காண்கிறேன்.

அகலமாய் ஒரு சாம்பல் நாடா,
ஒரு கரையில் சிவப்புக் கோடு.
அதன் நடுவே இன்னொரு கொளுவி,
ஒருத்தரும் கொளுவாமல்
இத்தனை காலமும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

டிஸ்க்கின் முதுகில் ஒரு படம்:
எட்டு ஊசி, ஒரு சின்னக் கறுப்புத் தொப்பி.
இங்கே போட்டால் மாஸ்டர்,
அங்கே போட்டால் ஸ்லேவ்.
'ஆண்டு அனுபவித்து வரும்' என்று
நாளுக்கு நாலு தரம் அடிக்கிற விரல்
தொப்பியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றது.
பிறகு மயிர்பிடுங்கியால் தூக்கி
அடிமையில்தான் போட்டது.
வேலை நடக்கவேணும்.

நாலு ஸ்குறூவில் மூன்று பொருந்தின.
நாலாவதின் புரி வேறு சாதி.

கரண்டைப் போட்டேன்.
ஒரு தட்டு எழும்பிச் சுழல
அதன் குறட்டையை மற்றது வாங்கியது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
137.
நிற்பாட்டி, நாடாவை அழுத்தி, மறுபடி போட்டேன்.
137.

சஜிந்தன் போனில் சிரித்தான்.
"பழைய போர்ட் அக்கா,
அதுக்கு மேல எண்ணத் தெரியாது அதுக்கு."
"அப்ப மிச்சம் இருபத்திமூண்டு?"
"டிஸ்க்கிலதான் கிடக்கு.
ஒண்டும் ஆகேல்லை.
ஆனா உங்கட பெட்டியால போகேலாது."

போனை வைத்த பிறகும்
அந்தக் கதை காதுக்குள் நின்றது.

போன மாதம் மயிலிட்டிச் சவிரிமுத்தர் வந்தவர்,
மகளுக்குச் சீதன உறுதி முடிக்க.
நாலெல்லையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:
கிழக்கு ஒழுங்கை, தெற்கு ஞானசீலியின் காணி,
மேற்கு கோயில் வளவு, வடக்கு கடற்கரைத் தாழை.
எட்டுப் பரப்பு.
முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் ஐந்து.
"எத்தனை அடிக்கட்டும் ஐயா?"
"எட்டு."
"கிணறு?"
கிணறு அந்தப் பக்கம்.
"கிணறும்" என்றார்,
நான் கணக்குத் தெரியாத ஆள் என்பதுபோல் பார்த்து.
வான்பயிர் தான்பயிர் கிணறு உட்பட
என்று அடித்தேன்.
வாகீசர் கையெழுத்து வைத்தார்.

இரவு எட்டு மணி.
புதுத் தட்டுக்கு முதலில் இழுத்து விட்டது
சவிரிமுத்தரின் கோப்பை.
பிறகு மற்றவை எல்லாவற்றையும்.
மீதி நேரம் நாற்பத்தொரு நிமிடம் என்றது பெட்டி,
பிறகு மூன்று மணித்தியாலம்,
பிறகு திரும்பவும் நாற்பத்தொன்று.

மூடியைப் பூட்டி
முழங்கால் காயத்துக்கு வாங்கிய பிளாஸ்டரில் ஒரு துண்டு ஒட்டி
நீலப் பேனையால் எழுதினேன்: 160.
"திரையில வேற இலக்கமெல்லோ அம்மா காட்டுது?"
என்றான் அபிஷன்.
"திரைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.
மேசைக்குக் கீழ பார்,
என்ர காப்பு ஒண்டு உருண்டிட்டுது."